ஐந்து கப்பிலும் சர்க்கரை

மாதிரிகள் வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அறிக்கை போய்விட வேண்டும் என்பது சரக்குக் கிடங்கோடு பரிசோதனைக்கூடம் போட்டிருந்த ஒப்பந்தம். ஆக, அவளிடம் ஏழு மணி நேரம் மிச்சம் இருந்தது.

காலை எட்டு மணி. குளிர்பெட்டியிலிருந்து ஐந்து கப்புகளையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். ஐந்திலும் சிறுநீர் ஒரே உயரத்தில் நின்றது. முன்தினம் இதைக் கவனிக்கவில்லை. இன்று கவனித்தாள். மனிதர்கள் இப்படிக் கொடுப்பதில்லை. ஒருவர் தளும்பத் தளும்பக் கொடுப்பார், ஒருவர் அடியை நனைத்துவிட்டு இவ்வளவுதான் வந்தது என்பார். இது யாரோ நிதானமாக அளந்து ஊற்றியது போல இருந்தது.

ஐந்து பேரும் கிடங்கில் கிரேன் ஓட்டப் பயிற்சி எடுப்பவர்கள். பத்தொன்பது, இருபது வயது. பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தது. அதற்கு முன்னால் உடம்பில் போதை மருந்து ஏதும் இருக்கிறதா என்று ஒரு சோதனை. இல்லை என்றால் வேலை நிரந்தரம். இருந்தால் அன்றைக்கே வாசலைப் பார்க்க வேண்டியதுதான். பட்டியலில் நான்காவது பெயர் அவளுடைய தம்பியுடையது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களின் மாதிரி வந்தால் வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குப் பெட்டி வந்தபோது டாக்டரம்மாவின் அறை வரை போனாள். அவர் போனில் இருந்தார். கதவருகில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். அது அவளுக்குப் பழக்கம்தான். கல்லூரியில் வேதியியல் வகுப்பில் விடை தெரிந்தும் மூன்று வருடம் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவள்.

செவ்வாய்க்கிழமை சோதனையை முடித்தாள். போதை மருந்தில் ஐந்து வகை. ஐந்து பேருக்கும் ஐந்தும் இல்லை. தம்பியுடையதை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கை பழகிய பழக்கத்தில், சாதாரணச் சோதனைப் பட்டையையும் ஒவ்வொன்றிலும் நனைத்தாள். தண்ணீர் கலக்கவில்லை. ஆனால் சர்க்கரைக்கான கட்டம் பழுப்பாகிவிட்டது. ஐந்திலும்.

பட்டை டப்பா கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். இப்போது புது டப்பாவைப் பிரித்து மறுபடி நனைத்தாள். அதே பழுப்பு. சிறுநீரில் ஆளுக்கு ஆள் அளவு மாறுகிற கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை அளக்க, ஐந்தையும் இயந்திரத்தில் வைத்தாள். எண்பத்து நான்கு, எண்பத்து நான்கு, எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு, எண்பத்து ஐந்து. ஒரே ஆளுடைய சிறுநீரை ஐந்து தடவை வைத்தால்தான் இப்படி வரும். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட வராது.

பக்கத்தில் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து பெரியக்கா கையுறை மாற்ற வந்தார். அந்தக் கூடத்தில் இருபது வருடமாக இருப்பவர். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“என்னடி இது, அஞ்சும் சர்க்கரை ஆலையா? வயசானவங்களா?”

“இருபது வயசுக்கா.”

“அஞ்சு பேருமா? ஒரே வயித்துல பொறந்தாங்களா, ஒரே மிட்டாய்க் கடையில வளர்ந்தாங்களா?” என்று சிரித்தவர், படிவத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை கேட்கவே இல்லையே, கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, ஊர் வம்பு நமக்கெதற்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மைதான். படிவத்தில் ஐந்து கட்டம்தான் இருந்தது. சர்க்கரைக்கு இடமே இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. ஐந்து ‘இல்லை’ எழுதினால் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. சந்தேகம் என்பது ஒரு நூல். பிடித்தால் இழுக்காமல் இருக்க முடியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே தம்பி கேட்டான், ஒரு மாத்திரை போட்டால் உடம்பை விட்டுப் போக எத்தனை நாள் ஆகும் என்று. எதற்குடா என்றாள். சும்மா, பசங்க பேசிட்டு இருந்தாங்க என்றான். அந்தச் ‘சும்மா’ அன்றே அவளுக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. சாப்பிடும்போது ஓயாமல் மூக்கைச் சொறிந்தான். கிடங்குத் தூசி என்றான். ஒருநாள் விளக்கு மங்கலாக எரிந்த அறையில் அவன் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. மங்கலில் விரிய வேண்டிய கண் அது. வலிக்குக் கொடுக்கும் கனமான மாத்திரைகள் செய்யும் வேலை அது என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எல்லாம் நெட்டையின் வேலை. நெட்டை தம்பியோடு பயிற்சி எடுப்பவன், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், தேன் ஒழுகுகிற பேச்சு. அவன் பழக்கம் வந்த பிறகுதான் தம்பி மாறினான் என்று அவள் கணக்கு. நம் வீட்டுப் பிள்ளை கெட்டுப்போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே காரணம்.

ஆனால் இந்தக் கப்புகள் அந்தக் கணக்கில் இடறின. ஐந்து பேரில் ஒருவன் சுத்தமாக இருந்தாலும் அவனுடையதையே ஐந்தாகப் பிரித்திருக்கலாம். சர்க்கரை இறங்குகிற வெளியாளிடம் ஏன் போனார்கள்? ஒருவனும் சுத்தமில்லை என்றுதான் அர்த்தம். ஒருவனும் என்றால் நான்காவது பெயரும் சேர்த்துத்தான்.

அந்த வெளியாள் யார்? இவ்வளவு சர்க்கரை இறங்கினால் ஆள் படுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். அந்த மாத்திரையைக் கீழே மருந்துக்கடையில் மாதம் பிறந்ததும் அவளே ஓர் ஆளுக்கு வாங்குகிறாள். எண்ணத்தை அதற்கு மேல் அவள் நடக்கவிடவில்லை. கப்புகளை மறுபடி குளிர்பெட்டியில் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு, தலைவலி, வீடு வரை போய் வருகிறேன் என்று பெரியக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீடு இருபது நிமிட நடை. கீழே அச்சகம், மேலே இரண்டு அறை. இயந்திரம் ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பேசும். மாடிப்படியில் காலை நீட்டிக்கொண்டு நெட்டை உட்கார்ந்திருந்தான். ஒரு மணி ஷிப்டுக்குத் தம்பியைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து கைப்பிடியில் முட்டிக்கொண்டான்.

“ரிப்போர்ட் எழுதியாச்சாக்கா? எங்க அஞ்சு பேர் தலையெழுத்தும் உங்க கையெழுத்துலதான் இருக்கு.”

அவள் பொதுவாக அவனிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. இன்று ஒரு படி கீழேயே நின்றுகொண்டாள்.

“நீதானே இதையெல்லாம் ஆரம்பிச்சு வெச்ச?”

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. எதை என்று கேட்பான் என எதிர்பார்த்தாள். கேட்கவில்லை.

“நானாக்கா? நான்தான்கா கடைசி.”

“கடைசின்னா?”

மெல்லச் சொன்னான். கிரேன் கூண்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு விட்டுப்போகும். யாரோ மாத்திரை கொண்டு வந்தார்கள். மிட்டாய் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்ற நால்வரும் போட ஆரம்பித்துவிட்டது அவனுக்கு எப்படியோ தெரிந்தது. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் பின்னால் போகும்போது ‘நீ வரலயா?’ என்று மட்டும் கேட்பார்கள்.

“நாலு பேரும் ஒரு பக்கம் போகும்போது நான் மட்டும் சாமியார் மாதிரி டிபன் பாக்ஸைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியுமாக்கா?”

“மத்தவங்க போட்டதை நீ பார்த்தியா?”

யோசித்தான். “பார்க்கல. ஆனா தெரியும்.”

பொய் சொல்லுகிறான் என்று முதலில் நினைத்தாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனால் மூக்கை நிமிண்டிக்கொண்டு அவன் நின்ற நிற்பில் தந்திரம் எதுவும் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

உள்ளே அப்பா ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னம்மா இந்நேரத்தில் என்றார். தலைவலி என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தாளுக்குள் போனார். பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

தம்பி பின் அறையில் தலை சீவிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டதும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். ஆனாலும் கண்ணாடியில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேச முடிந்தது.

“எப்போலேர்ந்து போடற?”

சீப்பு நின்றது. கீழே இயந்திரம் ஓடியது. டம்ளர்கள் முட்டிக்கொண்டன.

“ரெண்டு மாசம்,” என்றான். அப்புறம், யாரோ கேட்டது போல, “நான்தான்கா கடைசி.”



“நெட்டையும் அதையேதான் சொல்றான்.”

“அவனா? அவன் போட்டுட்டான்னு நெனச்சுத்தானே நான்…” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டால் ஐந்து பேரும் கடைசி என்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் ஆள் என்று ஒருவனைப் பிடித்து உதைக்க ஆசையாக இருந்தது. அப்படி ஒருவனே இல்லாமல் போனால் யாரைக் கோபித்துக்கொள்வது?

கட்டிலில் உட்கார்ந்தான். கேட்காமலே பேசினான். போன வாரம் நெட்டை மேலே கூண்டில் இருந்தான். இவன் கீழே சைகை காட்டிக்கொண்டிருந்தான். இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று தூக்கும்போதே ஊஞ்சல் மாதிரி ஆடியது. இவன் நிறுத்து என்று கையைத் தூக்கியிருக்க வேண்டும். கை தூங்கிக்கொண்டிருந்தது. கொக்கி மாட்டுகிற பெரியவரின் தலைக்கு ஒரு முழம் மேலே அது போனது.

“அப்புறம்?”

“சிரிச்சோம். அவரும் சிரிச்சார், தப்பிச்சதுல.”

“அந்த அஞ்சு கப்பும் யாரோடதுடா?”

தலையைக் குனிந்துகொண்டான். “அதை மட்டும் கேட்காதக்கா.”

“உனக்கு மட்டும் வாங்கிட்டுப் போயிருக்கலாமே.”

“நாலு பேரும் மாட்டிக்கிட்டு நான் மட்டும் தப்பிச்சா, நான்தான் காட்டிக் குடுத்தேன்னு ஆயிடாதா? போனா அஞ்சு பேரும் போகணும், இருந்தா அஞ்சு பேரும் இருக்கணும். அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்.” அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

வெளியே நெட்டை விசிலடித்தான். தம்பி எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், இனிமேல் தொடமாட்டேன், இந்த ஒரு தடவை மட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். இனிமேல் தொடமாட்டேன் என்பதை அவன் அவளிடம் சொன்னானா, படியில் நின்ற விசிலுக்குச் சொன்னானா என்பதுதான் தெரியவில்லை. விசிலுக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்; அந்த ஐந்து பேருக்குள் பேசி வைத்ததைத்தான் அவன் காப்பாற்றுவான்.

அவள் தண்ணீர் குடித்தாள். மேசை மேல் அப்பாவின் மாத்திரை அட்டை கிடந்தது. இன்றைய மாத்திரை எடுத்தாகிவிட்டது. இதைப் போட்டால் சர்க்கரை ஒன்றுக்கு வழியாகப் போய்விடும்ப்பா, அடிக்கடி போகவேண்டி வரும், பயப்படாதீர்கள் என்று அவள்தான் விளக்கியிருந்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பையைத் தோளில் மாட்டியபோது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“திங்கக்கிழமை குடுத்தது வந்துடுச்சாம்மா? அஞ்சு பேருக்கும் நல்லபடியாதானே?”

அவள் வீட்டில் திங்கட்கிழமை என்று சொன்னதில்லை. ஐந்து பேர் என்று சொன்னதில்லை. சோதனை என்றே சொன்னதில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதையைக் கேட்டிருக்கிறாள். இங்கே அப்பாவே குதிரைத் திறந்து காட்டிவிட்டார்.

“இன்னும் கையெழுத்து ஆகலப்பா.”

அவர் தாளை மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவன். ஒரு சொட்டு தொட்டதில்ல. பீடிகூட இல்ல. டிப்போல எத்தனை பேர் கூப்பிட்டாங்க தெரியுமா? எல்லாரும் போவாங்க. நான் வண்டியில உட்கார்ந்து சாப்பிடுவேன்.”

“அதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்,” என்றார். கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்துவிட்டு, “முப்பத்தொரு வருஷம் தனியா சாப்பிட்டேன்னும் சேர்த்துச் சொல்லணுமே. அது அவ்வளவு நல்லா இல்லம்மா,” என்றார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வேலை நிரந்தரமாகிவிட்டால் பொறுப்பு வந்துவிடும், பொறுப்பு வந்தால் புத்தி வந்துவிடும் என்றார். அவள் போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் கிடங்கின் மதில் நீளமாக ஓடுகிறது. தினமும் பார்க்கிற மதில். இன்று வாசலருகே நின்றாள். கிரேனின் கை உயரத்தில் மெதுவாகத் திரும்பியது. கூண்டில் யார் என்று தெரியவில்லை. கீழே மஞ்சள் தொப்பி போட்ட வயதானவர் ஒருவர் கொக்கியை மாட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து, முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருக்கிறவனை நம்புகிற முகம். சுமை எழும்பியது. இம்முறை ஆடவில்லை. ஆடாமல் போனதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. நாளைக்கும் ஆடாது, நாளன்றைக்கும் ஆடாது. எல்லோரும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள்.

இரண்டே முக்காலுக்கு ஐந்து அறிக்கைகளையும் அச்செடுத்தாள். ஐந்து தாள், இருபத்தைந்து ‘இல்லை’. ஒன்றுகூடப் பொய்யில்லை. கப்பில் இருந்ததைத்தான் எழுதியிருந்தாள். அது யார் கப் என்பதுதான் பொய்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பரவாயில்லையே, இந்தக் காலத்தில் ஐந்து பேரும் தங்கக் கம்பிகளா என்றார். முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் போட்டார். பேனா மூன்றாவது தாளுக்கு வந்தது. அவர் அறையில் கடிகாரம் இரண்டு ஐம்பத்து மூன்று காட்டியது. அவள் எதிரே நின்றாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. சொன்னால் தம்பிக்கு வேலை போகும். மற்ற நால்வருக்கும் போகும். காட்டிக்கொடுத்தவனின் பெயராகத் தம்பியின் பெயர்தான் நிலைக்கும். விதியை மீறியதற்கு அவளுடைய வேலையும் போகலாம். அப்பா இனி எந்த முகத்தோடு செய்தித்தாள் படிப்பார் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவதில் கையெழுத்து விழுந்தது. நான்காவது தாள் மேலே வந்தது.

அவள் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது போல, தோளுக்கு மேலே, நேராக. டாக்டரம்மா விநோதமாக நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா?”

“அதுல கையெழுத்துப் போடாதீங்க டாக்டர். போட்டதையும் அடிச்சிடுங்க. அஞ்சுலயும் சர்க்கரை இருக்கு. அஞ்சும் ஒரே ஆளோடது.”

பேனா தாளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. அவர் நான்காவது தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரே ஆள் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய், அது யார் என்று கேட்டார்.

கை இன்னும் கீழே இறங்கவில்லை. அவளுக்கே அது தெரியவில்லை.

“எங்க அப்பா,” என்றாள். “அந்த நாலாவது பேரு என் தம்பி.”